உப்பும் உழவரின் இருதயமும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிரில் நோய் கண்டால் உடனே இலையைப் பறித்துக் கொண்டு எங்களைத் தேடி வருகிறீர்கள். உங்கள் இரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று கேட்டால், "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறீர்கள். மருத்துவம் என் துறையன்று. உழவியலே என் துறை. ஆயினும் இருதய நோய்த் தடுப்பு பற்றி அண்மையில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று, நாம் வயலில் செய்யும் உரச் சோதனையைப் போலவே கிராமங்களில் நடத்தப்பட்டது. அதில் பயன்படுத்திய பொருளும் நமக்குப் பழக்கமானதே. எனவே அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

நோய் யாரைத் தாக்கும்?

அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கி, 5,209 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். இரத்தக் கொதிப்பு, மிகுதியான கொலஸ்டிரால், புகை பிடித்தல் ஆகியவை மாரடைப்புக்கு வழி கோலுகின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மேற்சொன்னவற்றுடன் சர்க்கரை நோய், தொந்தி, மன உளைச்சல், காய்கறி பழங்களைக் குறைவாக உண்ணுதல் போன்றவையும் காரணங்கள் என அது காட்டியது. அந்த ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த வயது தெற்காசியரிடம் ஏறத்தாழ 53. பிற நாட்டவரிடம் 59. பிள்ளைகள் தலையெடுக்கும் முன்பே, கடன் அடையும் முன்பே நம்மை இந்நோய் தாக்குகிறது என்பது இதன் பொருள்.

படம் பிடித்துப் பார்த்தல்

சொட்டு நீர்க் குழாயின் உட்புறத்தில் உப்புப் படிந்து துளை அடைபடுவதைப் பார்த்திருப்பீர்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களிலும் கொழுப்புப் படிந்து, நாளடைவில் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகுகிறது. சி.டி. ஸ்கேன் கருவி இதை அறுவை இல்லாமலே காட்டிவிடும்.

இதனால் பயன் உண்டா? ஸ்காட்லாந்தில் நெஞ்சு வலியுடன் வந்த 4,146 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பிரிவினருக்கு அத்துடன் சி.டி. படம். ஐந்து ஆண்டுகளில் மாரடைப்போ இருதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 3.9, மறு பிரிவில் 2.3. இம்முடிவு 2018-இல் வெளியாயிற்று. படம் நோயைத் தீர்க்கவில்லை. படத்தைப் பார்த்து உரிய மருந்தைத் தொடங்கியதே பலன் தந்தது. மண் பரிசோதனை அட்டையும் அப்படித்தானே? பரணில் கிடந்தால் விளைச்சல் கூடாது. ஆனால் இந்த ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

அறுநூறு கிராமங்களில் ஒரு சோதனை

இனி உப்புக்கு வருவோம். சீனாவில் 600 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதுக்கு மேற்பட்டு இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என 20,995 பேர் சேர்ந்தார்கள். பாத்திகளுக்குச் சீட்டுக் குலுக்கி உரம் ஒதுக்குவது போல, கிராமங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான உப்பு. மறு பாதிக்கு 75 சதம் சாதாரண உப்பும் 25 சதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. சராசரி ஐந்து ஆண்டுகள் வரை கவனித்தார்கள்.

முடிவு 2021-இல் வெளியாயிற்று. ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் சுமார் 34 ஆக இருந்த பக்கவாதம், கலப்பு உப்பு உண்ட ஊர்களில் 29 ஆகக் குறைந்தது. மரணமும் 12 சதம் குறைந்தது. விலை உயர்ந்த கருவியோ மருந்தோ இல்லை. அடுப்படியில் இருக்கும் உப்பை மாற்றியதுதான்.

எச்சரிக்கை

பொட்டாசியம் குளோரைடு என்றதும் மியூரேட் ஆப் பொட்டாஷ் உரம் உங்கள் நினைவுக்கு வரும். வேதியியலில் இரண்டும் ஒன்றே. ஆனால் உரம் மண்ணுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும். உர மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகைகூட உணவில் சேர்க்கக் கூடாது. உணவுக்கென்று விற்கும் சோடியம் குறைந்த உப்பையே வாங்க வேண்டும்.

அதுவும் எல்லோருக்கும் ஏற்றதன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி, இருதயத் துடிப்பே நிலைகுலையலாம். சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். ஆகவே மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேட்டே மாற வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

உடனே செய்யத்தக்கவை

1. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அது சுமார் ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய் ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும்.

2. முப்பது வயதைக் கடந்தவர்கள் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். மாத்திரை எழுதித் தந்தால், உடம்பு நன்றாயிருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. பீடி, சிகரெட்டை அடியோடு விடுங்கள்.

4. மார்பில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால், வாயு என்று எண்ணிக் கசாயம் வைத்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

பயிரைக் காக்கப் பருவம் பார்க்கிறோம். உயிரைக் காக்கவும் பருவம் உண்டு. நோய் தெரியாமல் இருக்கும் காலமே அந்தப் பருவம். இன்று வீடு திரும்பியதும் மாதத்துக்கு எத்தனை கிலோ உப்பு வாங்குகிறோம் என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டு, ஆட்கணக்கில் வகுத்துப் பாருங்கள்.