தீர்ப்பு கிடைத்துவிட்டதா? தேதியைப் பாருங்கள்!



நான் சட்டம் படிக்கவில்லை. கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆகவே சட்ட ஆய்வு என்ற இன்றைய தலைப்பையும் ஒரு கேள்வியை வைத்தே பேச விரும்புகிறேன்.

மணவிலக்குப் பெற்ற ஒரு தாய். மகளுக்கு மாதம் 500 வெள்ளி கொடுக்கும்படி தந்தைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மகளுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. "18 ஆனதும் பணம் கிடையாது" என்கிறார் தந்தை. சட்டம் படிக்கும் அண்ணன் மகனிடம் அந்தத் தாய் கேட்கிறார்: "ஏன்பா, அப்படி நிறுத்த முடியுமா?" இப்படி ஒரு வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

எந்தச் சட்டம் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணவிலக்கு ஆகியவற்றுக்கு 1976ஆம் ஆண்டின் 164ஆவது சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கான உத்தரவு எப்போது முடியும் என்பதை அதன் 95ஆம் பிரிவு சொல்கிறது. பையன் இணையத்தில் தேடி ஒரு பிரதியைப் பதிவிறக்கம் செய்கிறார். உத்தரவு 18 வயதில் முடிகிறது என்றும், பிள்ளைக்கு உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் மட்டும் அது நீங்கும்வரை நீடிக்கும் என்றும் அதில் இருக்கிறது. மேற்படிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "நிறுத்தலாம், அத்தை" என்று சொல்லிவிடுகிறார்.

அந்தப் பிரதியின் தொடக்கப் பக்கத்தை அவர் புரட்டவில்லை. 2006 ஜனவரி 1 வரையிலான திருத்தங்களைக் கொண்டது என்று அங்கே அச்சிட்டிருக்கிறது. இணையத்தில் இன்னும் உலவும் பிரதிகளில் அதுவும் ஒன்று.

கொஞ்சம் முனைப்பான மாணவர் தீர்ப்புகளைத் தேடுவார். 1997ஆம் ஆண்டு 'மலாயன் லா ஜர்னல்' முதல் தொகுதியின் 109ஆம் பக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. மேற்படிப்புக்காகப் பெற்றோரை நம்பியிருக்க வேண்டிய நிலையையும் அந்தக் 'குறைபாடு' என்ற சொல்லுக்குள் அது தாராளமாகச் சேர்த்தது. "நிறுத்த முடியாது" என்று இவர் துள்ளிக் குதிப்பார். இன்னும் ஏழு ஆண்டு முன்னே வந்திருந்தால் [2004] 2 எம்.எல்.ஜே. 401 கண்ணில் பட்டிருக்கும். ஆண்டு, தொகுதி எண், தொகுப்பின் பெயர், பக்கம், இவ்வளவுதான் அந்த எண் வரிசை. அதில் கூட்டரசு நீதிமன்றம், அந்தச் சொல்லுக்கு அவ்வளவு விரிவான பொருள் கிடையாது என்று முடிவு செய்தது. கூட்டரசு நீதிமன்றம் உச்சத்தில் இருப்பது. ஆகவே மறுபடியும் "நிறுத்தலாம்".

கதை அங்கும் முடியவில்லை. 2017 ஆகஸ்டில் நாடாளுமன்ற மக்களவை திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி, பிள்ளை மேற்படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தால் அது முடியும்வரை உத்தரவு நீடிக்கும் என்று 95ஆம் பிரிவு மாறியது. ஆனால் அந்தத் திருத்தம் 2018 டிசம்பர் 15ஆம் நாள்தான் அமலுக்கு வந்தது. இடையில் ஒரு வருடத்துக்கும் மேல்! அந்த இடைவெளியில் "சட்டம் மாறிவிட்டது" என்று சொன்னவரும் தவறாகத்தான் சொன்னார்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு செல்லுபடியாகாமல் போனதற்குக் காரணம் இன்னொரு தீர்ப்பு அல்ல. நாடாளுமன்றம் சட்டத்தின் சொற்களையே மாற்றிவிட்டது. ஒரு தீர்ப்பை இன்னொரு தீர்ப்புதான் சாய்க்கும் என்று எண்ணி வழக்குகளை மட்டும் துருவுகிறவர் கண்ணில் இது படவே படாது. தீர்ப்பைப் பார்த்த பிறகு சட்டப் பிரிவுக்குத் திரும்பி வந்து, அது எந்த நாளில் என்ன சொற்களோடு இருந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

அதே திருத்தத்தில் வேறொரு பாடமும் உண்டு. 2016இல் தாக்கல் செய்யப்பட்ட முதல் மசோதாவில் 88ஏ என்ற பிரிவு இருந்தது. பெற்றோரில் ஒருவர் மட்டும் இஸ்லாத்தைத் தழுவினால் பிள்ளையின் சமயம் என்ன என்பதைப் பற்றியது அது. நம் சமுதாயம் பெரிதும் எதிர்பார்த்த பிரிவு. அந்த மசோதா மீட்டுக்கொள்ளப்பட்டு, 88ஏ இல்லாத புதிய மசோதாதான் 2017இல் நிறைவேறியது. பழைய பத்திரிகைச் செய்தியை வெட்டி வைத்திருப்பவர் அது சட்டமாகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். என் துறையையும் சேர்த்தே சொல்கிறேன், செய்தி வேறு, சட்டம் வேறு.

சிங்கப்பூர்த் தீர்ப்புகளும் தேடலில் எளிதாக வந்து விழும். அங்குள்ள மாதர் சாசனம் 21 வயதைக் கணக்கில் கொள்கிறது. படிக்கும் பிள்ளைக்கு அதற்கு மேலும் இடம் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை ஈப்போ நீதிமன்றத்தில் அப்படியே நீட்ட முடியாது. சட்டத்தின் சொற்களே வேறு.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே என்று மாணவர்கள் கேட்கலாம். எம்.எல்.ஜே., சி.எல்.ஜே. தொகுப்புகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகத்திலேயே பார்க்கலாம். சட்டங்களைச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளத்திலும், அண்மைக்காலத் தீர்ப்புகளை நீதித்துறையின் தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம். தீர்ப்பின் தலைப்பில் இருக்கும் சுருக்கத்தோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். அது பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியது அல்ல.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஒரு நொடியில் பதில் வருகிறதே என்பீர்கள். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அப்படிக் கேட்டார்கள். சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார்கள். அந்தத் தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். கேட்பதில் தவறில்லை. அது சொல்லும் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் எழுதுவதுதான் தவறு.

இன்று அரங்கில் இருப்பவர்களில் பலர் நாளை பயிற்சிக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களில் உட்காரப் போகிறீர்கள். இதே கேள்வியோடு ஒரு தாய் எதிரே வருவார். அவரிடம் உத்தரவின் நகலையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் வாங்கிப் பாருங்கள். 95ஆம் பிரிவை அன்றைக்குப் புதிதாகத் திறந்து படியுங்கள். படித்த தேதியை உங்கள் குறிப்பின் மேலே எழுதி வையுங்கள்.