புகுந்த நாட்டில் ஒலித்த இசை

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அயலார் மொழியும் வழக்கமும் சூழ்ந்திருக்க, நம்முடையது நம்மிடம் நிலைக்குமா? இத்தாலிய இசைவாணர் இருவரின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர்களை ஐரோப்பிய அரசவைகள் விரும்பி அழைத்தன. 1685-இல் நேப்பிள்ஸ் நகரில் பிறந்த டொமெனிகோ ஸ்கார்லாட்டி, போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசையாசிரியரானார். 1729-இல் இளவரசி ஸ்பெயின் நாட்டுக்கு மணமகளாய்ச் சென்றபோது ஆசிரியரும் உடன் சென்றார். 1757-இல் மாட்ரிட் நகரில் மறைந்தார். அவர் இயற்றிய 555 ஸொனாட்டாக்களில் பெரும்பாலானவை, விசையை அழுத்தத் தந்தி சுண்டப்பட்டு ஒலிக்கும் ஹார்ப்சிகார்டுக்கு உரியவை. அவற்றுள் பலவற்றில் ஸ்பானியக் கிதாரின் மீட்டலும் நாட்டு நடனத்தின் தாளமும் கேட்கின்றன.

1743-இல் லூக்கா நகரில் பிறந்த லூயிஜி பொக்கெரினியும் மாட்ரிட்டில் குடியேறினார். அந்நகரத்து இரவின் கோயில் மணியையும் வீரர்களின் முரசையும் தந்திக் கருவிகளிலேயே எழுப்பிக் காட்டினார். 1805-இல் அங்கேயே மறைந்தார்.

இத்தாலியில் உருப்பெற்ற வயலின் நம்மிடம் வந்த கதையும் இத்தகையதே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்றுக் கருநாடக இசைக்கு இசைவித்தார். தஞ்சை வடிவேலு திருவனந்தபுரத்தில் அதனை வாசிக்க, மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்கு வெகுமதியாக அளித்தார். நம்மவர் தரையில் அமர்ந்து வாசித்தனர். சுருதி கூட்டும் முறையை மாற்றினர். வில்லும் நான்கு தந்திகளும் மாறவில்லை.

ஒன்றை நாம் மறத்தலாகாது. ஸ்கார்லாட்டியும் பொக்கெரினியும் இசைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். தம் நாட்டு இசையில் தேர்ந்த பின்னரே அயல்நாட்டு இசையை ஏற்றனர். ஆதலின் அது அவர்களை வளப்படுத்தியது; விழுங்கிவிடவில்லை.

பாலக்காட்டின் கீழெல்லையில், கோவைச் சீமையை ஒட்டியுள்ள எங்கள் வடகரப்பதியில், தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. மலையாளம் அறிந்ததனால் அங்கு எவரும் தமிழை இழந்ததில்லை. தமிழ் எழுத்தைக் கல்லாத பிள்ளைகளே அதனை இழக்கின்றனர். டில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம் குடும்பங்களுக்கும் இஃது ஒக்கும். அவ்வூர் மொழியைப் பள்ளி கற்பிக்கும். தமிழைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர் நம் வீட்டில்தான் இருக்கின்றார்.