அளவெடுத்துத் தைத்த அன்பு

(பங்கின் ஜூபிலி விழா மகளிர் கூட்டத்தில், தையல் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு என்பது இழந்தவர்க்கு உரியதைத் திருப்பித் தரும் ஆண்டு என்று லேவியர் நூல் நமக்கு உணர்த்துகிறது. அப்படியானால் நாம் எதைத் திருப்பித் தரப்போகிறோம்? எங்கள் குழுவின் பதில் மிகச் சிறியது. அது ஒரு குழந்தையின் பனியன் சட்டை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் உழைக்க ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இன்று நம் அயலார். சென்ற கிறிஸ்துமசுக்கு நாங்கள் பழந்துணிகளைச் சேர்த்து, மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவர் சட்டை ஒன்றை ஒரு தாய் தம் நான்கு வயது மகனுக்குப் போட்டுப் பார்த்தார். அது கணுக்கால்வரை தொங்கியது. ஒன்றும் பேசாமல் கழற்றி, அழகாக மடித்து, எங்கள் கையிலேயே திருப்பித் தந்தார். எங்கள் அலமாரியை நினைத்துக் கொடுத்தோமே தவிர, அந்தக் குழந்தையை நினைத்துக் கொடுக்கவில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

அன்னா தம் மகன் சாமுவேலுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறிய அங்கி செய்து கொண்டுபோனார் என்று விவிலியத்தில் வாசிக்கிறோம். பிள்ளை வளர வளர அங்கியும் வளர்ந்திருக்கும் அன்றோ! யோப்பாவில் தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியதும், அவர் தம் கையால் செய்து கொடுத்த ஆடைகளைத்தான்.

இனி தையலுக்கு வருவோம். பழைய டி-சர்ட்டைத் துவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடத்தையும் கறையையும் விலக்கி வெட்டுங்கள். திருப்பூர்ப் பனியன் துணி நெய்த துணியன்று. நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. அதனால்தான் அது இழுபடுகிறது. அதிகம் இழுபடும் பக்கம் மார்பின் குறுக்கே வரவேண்டும்.

குழந்தைக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றைச் செய்தித்தாளில் விரித்து வரைந்து, சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள். டி-சர்ட்டின் கீழ் மடிப்பையே புதுச் சட்டையின் கீழ் மடிப்பாக வைத்து வெட்டினால் ஒரு வேலை மிச்சம்.

முதலில் தோள்களை இணையுங்கள். தோள் தொய்யாதிருக்க மெல்லிய நாடா ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள். அடுத்தது கழுத்துப்பட்டி. கழுத்தின் சுற்றளவு 16 அங்குலமானால் பட்டி 14 அங்குலம் போதும்; இழுத்துத் தைத்தால் கழுத்து வாய்பிளக்காது. தைக்குமுன் பட்டியை வளையமாகப் பிடித்து, குழந்தையின் தலை நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு கைகளை வைத்து, கையோரம் தொடங்கி இடுப்புவரை பக்கத்தை ஒரே ஓட்டமாக மூடுங்கள்.

பனியன் துணிக்கென்றே முனை மழுங்கிய ஊசி கிடைக்கிறது. சாதாரணக் கூர் ஊசி கண்ணியை அறுத்துவிடும். நம் கால்மிதி இயந்திரத்தில் நேர்த்தையல்தான் வரும். ஆகவே பாலியெஸ்டர் நூலைப் போட்டு, துணியைச் சற்றே இழுத்துப் பிடித்து, இரண்டு முறை தையுங்கள். இல்லையேல் குழந்தை கையைத் தூக்கியதும் தையல் விட்டுவிடும்.

திருப்பித் தரப்பட்ட அந்தச் சட்டையைத்தான் நாங்கள் முதலில் வெட்டினோம். அளவு கேட்டுப் போனபோது அந்தத் தாயே மகனின் சட்டையை எடுத்துத் தந்தார். கை மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், அடுத்த ஆண்டும் போடலாம் என்று சைகையாலேயே சொன்னார். துணி அதேதான். ஆனால் இம்முறை அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

அன்பானவர்களே! வீட்டில் கிடக்கும் ஒரு டி-சர்ட்டைக் கொண்டு வாருங்கள். ஆனால் அதற்கு முன், அதை அணியப்போகும் குழந்தையின் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். இறைவன் நம் கைகளின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக!