பாட்டனாரின் பாட்டுப் புத்தகம்



மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் காரியாபட்டி என்றோர் ஊர் உண்டு. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் இளையோர் பிழைப்பை நாடிச் சிவகாசிக்கும் திருப்பூருக்கும், சிலர் கடல் கடந்தும் செல்வர். பிள்ளைகளைப் பாட்டனும் பாட்டியும் வளர்ப்பர். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதுவே நிலை. 35 ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றித் தலைமையாசிரியனாய் ஓய்வு பெற்ற நான், எங்கள் கையில் வளர்ந்த பேரன் ஒருவனை ஏறக்குறைய இழந்து மீண்டும் பெற்ற கதையையே இன்று சொல்ல வந்தேன்.

அவன் சென்னையில் கல்லூரி மாணவன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்தவன், சபையின் வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய கீர்த்தனை ஒன்றைக் கீபோர்டும் டிரம்மும் முழங்க விரைந்த நடையில் பாடினான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும், ஊரார் கூடி நின்ற வேப்பமரத்தடியில், "இது கோயிலா, கூத்து மேடையா?" என்று கடிந்துகொண்டேன். அவன் தலை குனிந்து நின்றான், மறுமொழி கூறவில்லை. ஊர் திரும்பிய பின்னர்த் தொலைபேசியில் பாட்டியிடம் நெடுநேரம் பேசுவான். நான் வாங்கினால், "நன்றாக இருக்கிறேன், தாத்தா" என்பதோடு பேச்சு முடியும். ஈஸ்டருக்கு அவன் வரவில்லை. சென்னையில் கோயிலுக்குச் செல்வதையும் விட்டுவிட்டான் என்று பாட்டி வாயிலாகத்தான் அறிந்தேன்.

அந்நாட்களில் ஒருநாள் என் பாட்டனாரின் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அவர் எழுத்தறியாதவர். கரிசல் காட்டில் உழைத்தவர். ஐந்தாம் வகுப்புச் சிறுவனாகிய நான் சரணங்களை ஒவ்வொன்றாய்ப் படிப்பேன். அவர் இராகத்தோடு பாடுவார். அந்தப் புத்தகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு நாணம் மேலிட்டது. இத்தனை ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் இதை மட்டும் கற்கவில்லை!

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு பிறந்து 1864-ஆம் ஆண்டு மறைந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இளமையில் சுவார்ட்சு ஐயரிடம் கற்றவர். நம் நாட்டு இராகங்களில் கிறிஸ்து பெருமானைப் பாடினார். ஆனால் 1820-களில் தஞ்சைக்குப் புதிதாய் வந்த மிஷனரிமார், அப்பாடல்களுக்குக் கோயிலில் இடமில்லை என்றனர். சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். (சாதி வேறுபாட்டைக் காத்தும் அவர் வாதாடினார், பெரியோர் தந்தவை அனைத்தும் கொள்ளத்தக்கன அல்ல என்பதற்கு அதுவே சான்று.) பின்னர் 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார், சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. அந்த மிஷனின் சபைகள் வழியாகவே கீர்த்தனைகள் எங்கள் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பரவின. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கீர்த்தனை பாடுவோரும் அச்சபைக்குள் வந்தனர்.

எனவே, நான் பழமை என்று காத்து நின்றது ஒரு காலத்தில் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட புதுமை! அன்று தடுத்தவர்களின் இடத்தில் இன்று நான் நின்றேன். ஆயினும் பேரன் செய்தது முற்றும் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த விரைவில் பாட்டின் சொற்கள் புதைந்துபோயின என்பது இன்றும் என் துணிபு. பிழை என் கருத்தில் அன்று, நான் கூறிய இடத்திலும் முறையிலும் இருந்தது. வகுப்பறையில் ஒரு மாணவனைப் பலர் முன் இவ்வாறு நான் அவமதித்ததில்லை.

என் மனைவி என்னினும் கெட்டிக்காரி. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் எங்கள் பேத்திக்குத் தமிழ் எழுத்துத் தடுமாறும். மாலைக் குடும்ப ஜெபத்தில், "கண்ணாடியைக் காணோம் கண்ணே, நீதான் வாசிக்க வேண்டும்" என்பாள். கண்ணாடி அவள் மடியிலேயே கிடக்கும். இரண்டாண்டுகளில் பேத்தி திருமறையைத் தங்குதடையின்றி வாசிக்கலானாள். பவுலடியார் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவன் பாட்டியாகிய லோவிசாளின் விசுவாசத்தைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அப்பாட்டி என்ன உபதேசித்தாள் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவளும் இவ்வாறு எதையேனும் ஒளித்து வைத்திருப்பாளோ?

நான் பேரனுக்குக் கடிதம் எழுதினேன். ஊரார் முன் கடிந்தது என் பிழை, மன்னித்துக்கொள் என்று எழுதினேன். பாட்டனார் பாடிய மெட்டுகள் சில இன்று எனக்கு மட்டுமே தெரியும், என்னோடு அவை போய்விடக் கூடாது, நீ வந்து அவற்றைப் பதிவு செய்து தர வேண்டும் என்றும் கேட்டேன். பதினைந்து நாட்கள் மறுமொழி இல்லை. ஆயுத பூசை விடுமுறையில் முன்னறிவிப்பின்றி வந்து நின்றான்.

திண்ணையில் அமர்ந்து ஏழு பாடல்களைப் பாடினேன். கைப்பேசியை என் முன் வைத்துக் கண்மூடிக் கேட்டான். இடையிடையே சொற்களுக்குப் பொருள் வினவினான். ஒரு பாட்டின் இடையில் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தி, "தாத்தா, இந்த இடத்தில் உங்களுக்குத் தாளம் தப்புகிறது" என்றான்.

"உண்மைதான். என் பாட்டனாருக்கும் அங்கேதான் தப்பும். நான் அப்படியே கற்றேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "அப்படியென்றால் திருத்த வேண்டாம், அப்படியே பாடுங்கள்" என்று கைப்பேசியை இன்னும் சற்று அருகில் நகர்த்தி வைத்தான்.