எரிந்ததா, எரித்தார்களா?



செய்தி எழுதப்போகும் நம் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது வினைச்சொல்லைத்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் “எரிந்தது” என்று இன்றும் எழுதுகிறோம். மின்னொழுக்கால் எரிந்த கடைக்கும் அதே சொல்தானே! “எரிக்கப்பட்டது” கொஞ்சம் கிட்ட வருகிறது; ஆனாலும் ஆளைக் காணோம். “எரித்தவர்கள் பொலிசார் என்று நேரில் கண்டவர்கள் கூறினர்” என்று எழுதினால் செய்தவரும் உண்டு, சொன்னவரும் உண்டு. 97,000 நூல்கள் என்ற கணக்கு அதன்பிறகு வரட்டும்.

அந்த நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகத்தையும் எரித்தார்கள். எழுத வேண்டியவர்களுக்கே அந்த நிலை! அந்தத் தீயைக் கண்டவர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறீர்கள். எங்கே நின்று, எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதித் தாருங்கள்.