நாய்க்கு யாரு கழுவி விடுவா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அக்காமார் சேமிப்பு, கடன், தொழில் என்று பெரிய விஷயங்களைப் பேசினாங்க. என்னைக் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. தடுப்பூசி, சத்துமாவு எல்லாம் செவிலியர் அக்கா சொல்லிட்டாங்க. அதனால் யாரும் பேசாத ஒன்றை நான் பேசுகிறேன். அது நாய்ப்பீ. சிரிங்க, பரவாயில்லை. நானும் வீட்டில் சொல்லிப் பார்த்துச் சிரிச்சுட்டுதான் வந்தேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் 4ஆம் வகுப்பு. சின்னவளுக்கு 3 வயசு முடியப் போகுது. எங்க ஊர் இலஞ்சிப் பக்கம். வீட்டிலிருந்து அங்கன்வாடிக்கு 5 நிமிஷ நடை. இவளைக் கூட்டிக்கிட்டுப் போனா 20 நிமிஷம் ஆகும். வழியில் கிடக்கிற ஒவ்வொரு நாய்ப்பீக்கும் நிற்பா. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிஞ்சு பார்ப்பா. "அம்மா, இங்கன ஒண்ணு." நாலு எட்டு போனதும், "அம்மா, இது காஞ்சிட்டு." "இது வெள்ளையா இருக்கு." "இதுல ஈ உக்காந்திருக்கு." நேற்றுப் பார்த்தது இன்றைக்கு இல்லைன்னா எங்க போச்சுன்னு தேடுவா. போன சீசனில் ஐந்தருவிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். ஊரே அண்ணாந்து அருவியைப் பார்க்குது. இவ வண்டி நிறுத்துற இடத்திலேயே தரையைப் பார்த்து, "அம்மா, இங்கனயும் இருக்கு!" என்று சத்தம் போட்டா.

பார்க்கிறதோட விட மாட்டா. கேள்வி வேற. "நாய்க்குக் கக்கூஸ் இல்லையா?" "நாய்க்கு யாரு கழுவி விடுவா?" "அதோட அம்மா ஏசாதா?"

எங்க அத்தைக்கு ஒரே கவலை. "பொம்பளப் பிள்ளை பேசுத பேச்சா இது? யாரு கண்ணு பட்டுச்சோ, திருநீறு போட்டுட்டு வா" என்றாங்க. பக்கத்து வீட்டு மைனி, பிள்ளைக்கு மனசில் ஏதோ கோளாறு, டாக்டர்கிட்ட காட்டு என்றாங்க. ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருத்தர், "ஏட்டி, சீ, அழுக்கி!" என்று கையில் அடிச்சே விட்டார். கூட இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. பிள்ளை முகம் வாடிப்போச்சு.

அதுக்கப்புறம் நாலைந்து நாள் அவ வாயே திறக்கலை. திருந்திட்டா என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு சாயங்காலம் பார்த்தா, வீட்டுக்குப் பின்னால் மதில் ஓரத்தில் தனியா உட்கார்ந்து, குச்சியை வச்சு நாய்ப்பீயைக் கிண்டிக்கிட்டிருக்கா. என் காலடிச் சத்தம் கேட்டதும் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைச்சா. மூணு வயசுப் பிள்ளைக்கு மறைக்கிறதுக்குத் தெரிஞ்சுபோச்சு.

சகோதரிகளே, நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். வழியில் நின்னு, "அம்மா, இங்கன ஒண்ணு" என்று சொல்லுற பிள்ளை நம்ம கண் முன்னால் இருக்கு. அது தொட்டதா, தொடலையா என்று நமக்குத் தெரியும். சீ சீ என்று அடக்கி வைத்த பிள்ளை மதிலுக்குப் பின்னால் போகும். அப்போ அது எதைத் தொட்டது, எந்தக் கையை வாயில் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆசை போகாது, நம்ம பார்வைதான் போகும்.

இந்த வயசில் பிள்ளைகளுக்கு ஏன் இந்த ஆசை? என் நாத்தனார் மகள் கல்லூரியில் படிக்கா. அவ சொன்ன ஒரு விஷயம் கேளுங்க. 1986இல் அமெரிக்காவில் பால் ரோசின் என்கிற பேராசிரியரும் அவர்கூட வேலை செய்தவங்களும் ஒரு சோதனை செய்தாங்களாம். கடலை விழுதையும் நாற்றமடிக்கிற பாலாடைக்கட்டியையும் கலந்து, அசல் நாய்ப்பீ மாதிரியே செய்து, சின்னப் பிள்ளைகள் முன்னால் வச்சாங்க. 2 வயசுக்குக் கீழே இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதை எடுத்து வாயில் வச்சிருக்கு. அருவருப்பு என்பது பிறக்கும்போது கூட வருவதில்லை. நம்மைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை படிக்கிறது. அமெரிக்கப் பிள்ளையும் அப்படித்தான், இலஞ்சிப் பிள்ளையும் அப்படித்தான். இதில் கண்ணும் படலை, கோளாறும் இல்லை.

இன்னொன்றும் இருக்கு. இந்த வயசில்தான் நாம பிள்ளைக்குக் கக்கூஸ் பழக்குகிறோம். "ஆய் வந்தா சொல்லணும், அங்கதான் போகணும், கழுவணும், தண்ணி ஊத்தணும்" என்று காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் இதே பேச்சு. அப்படிப் பழகுற பிள்ளை தெருவில் இறங்கினால், நடுவழியில் போட்டுட்டு ஒரு நாய் பாட்டுக்குப் போவுது. பிள்ளை கேட்காமல் என்ன செய்யும்? யாரு கழுவி விடுவா என்று அவ கேட்டது நாம கற்றுக்கொடுத்த பாடத்தில் இருந்துதான்.

நம்ம வீட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. காலையில் எழுந்ததும் நாம சாணியைக் கையால் அள்ளி, தண்ணியில் கரைச்சு வாசல் தெளிக்கிறோம். மார்கழியில் சாணிப் பிள்ளையார் பிடிச்சு, பூசணிப்பூ வச்சு, கோலத்தின் நடுவில் வைக்கிறோம். பிள்ளை இதைப் பார்த்துக்கிட்டே இருக்கு. "மாடு போட்டா தொடலாம், நாய் போட்டா தொடக்கூடாதா?" என்று என் மகள் கேட்டா. நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: மாடு புல்லும் வைக்கோலும் தின்னுது, நாய் எலும்பு, குப்பை, எலி எல்லாம் தின்னுது, அது வயிற்றில் புழு இருக்கும். சாணி தொட்டாலும் அம்மா சோப்புப் போட்டுத்தான் கை கழுவுறேன், பாரு. இதை அவ முன்னால் செய்தும் காட்டுகிறேன். சாணியிலும் கிருமி இருக்கு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் சாணியைத் தொடாதீங்க.

இனி ஆபத்தைச் சொல்லுறேன். பயப்பட வேண்டாம், தெரிஞ்சுக்கணும்.

நாயின் வயிற்றில் உருண்டைப் புழு இருக்கும். நாய்க்குட்டிகளுக்கு இது ரொம்ப அதிகம், தாய் வயிற்றிலேயே ஒட்டிக்கும். அதோட முட்டை பீ வழியா வெளியே வரும். போட்ட அன்றைக்கே அந்த முட்டை நம்மைத் தொற்றாது. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும். அதற்குப் பிறகு மாதக்கணக்காக மண்ணில் உயிரோடு இருக்கும். அதனால் புதுசா கிடப்பதைப் பார்த்துச் சீ சீ என்கிறோமே, அதைவிட, காய்ந்து உதிர்ந்து மண்ணோடு மண்ணாகப் போன பழசுதான் இந்தப் புழுவுக்கு ஆபத்து. அது கண்ணுக்கே தெரியாது. அந்த மண்ணில் விளையாடி, கழுவாத கையை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போகும். புழு ஈரல், நுரையீரல் என்று அலையும். எப்போதாவது ஒரு பிள்ளைக்குக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையும் கெடுக்கும். பிளீச்சிங் பவுடர் தூவினால் இந்த முட்டை சாகாது. அள்ளி எடுக்கிறதுதான் வழி.

இரண்டாவது கொக்கிப்புழு. இதற்கு ஈர மண்ணும் நிழலும் வேணும். நம்ம ஊரில் ஆனி, ஆடி சாரலில் மண் காய்வதே இல்லையே, அந்த நேரம் இதற்கு வாய்ப்பு அதிகம். வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியா நுழையும். காலில் சிவப்பாக, வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு ஓடும், அரிப்பு தாங்காது. அப்படிப் பார்த்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. பிள்ளைக்குச் செருப்புப் பழக்குங்க.

வெறிநோய் வந்துடுமோ என்று சிலர் பயப்படுறாங்க. நாய்ப்பீயால் வெறிநோய் வராது. கடி, நகக்கீறல், காயத்தில் நக்குவது, இதிலெல்லாம் வரும். அப்படி நடந்தால் உடனே ஓடுற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, தாமதிக்காமல் தடுப்பூசிக்குப் போகணும்.

பிப்ரவரி 10ஆம் தேதி குடற்புழு நீக்க நாள் 2015இல் இருந்து நடக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறாங்க. 1 முதல் 2 வயசு வரைக்கும் அரை மாத்திரை, அதற்கு மேலே முழு மாத்திரை. அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீங்க. ஆனால் ஒன்று, அந்த மாத்திரை குடலில் இருக்கிற புழுவுக்கு. உடம்புக்குள் அலைகிற நாய்ப் புழுவுக்கு அந்த ஒரு மாத்திரை போதாது. மாத்திரை போட்டாச்சு என்று கை கழுவாமல் விட்டுவிடக் கூடாது.

நான் என் மகளுக்கு வைத்திருக்கிற சட்டம் மூன்று. பார்க்கலாம், ஆனா ஒரு எட்டு தள்ளி நின்னுதான். தொடக்கூடாது, குச்சியாலும் செருப்பாலும் கூடாது. அஞ்சு எண்ணினதும் நடக்கணும். எண்ணுறது அவ வேலை, அதனால் சண்டை இல்லை. அங்கன்வாடிக்குப் போனதும் முதல் வேலை சோப்புக் கை. வழியில் அண்ணன் மிதிச்சுடாம காட்டிக் கொடுக்கிறதும் இப்போ அவ பொறுப்பு. "அண்ணா, பாத்து வா" என்பா. அவ கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னேன்: "நாய் தானே நாக்கால் நக்கிச் சுத்தம் பண்ணிக்கும். அதனாலதான் நாய் உன் மூஞ்சியை நக்கினா கழுவச் சொல்லுதேன்." பிள்ளைக்கு அது புரியுது. சீ என்ற சொல் இல்லாமலே புரியுது.

இந்த ஆசை வளர வளரத் தானே குறையும். ஆனால் சில பிள்ளைகளை அப்படி விடக்கூடாது. மண், சுண்ணாம்பு, சாணி என்று எடுத்துத் தின்றுக்கிட்டே இருந்தால் இரத்தசோகை இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பலை, பேச்சு வரலை, வேற எதிலுமே கவனம் இல்லைன்னா, அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு 2 முறை வருகிற மருத்துவக் குழுவிடம் காட்டுங்க. திருநீறு பூசுங்க, வேண்டாம் என்று சொல்லலை. பூசிட்டு அங்கேயும் போங்க.

கடைசியாக, நாம செய்ய வேண்டியது. பிள்ளை தினமும் விரல் நீட்டிக் காட்டுறா. அது அங்கே கிடக்கு என்பது உண்மைதானே? பெரியவங்க நாம தாண்டித் தாண்டிப் போய் நமக்குக் கண்ணிலேயே படாமல் போச்சு. எங்க குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். அங்கன்வாடிப் பாதையில் இருக்கிற வீடுகள் காலை 8:30 மணிக்குள் அவரவர் வாசலுக்கு முன்னால் கிடப்பதை மண்வெட்டியால் மண்ணோடு அள்ளி, கிணறும் கீரைப்பாத்தியும் இல்லாத இடத்தில் குழி தோண்டி மூடுகிறோம். ஓடையில் தள்ளுவதில்லை. ஓடைத் தண்ணி சிற்றாற்றுக்குத்தான் போகுது, அந்தத் தண்ணியில்தான் நம்ம எல்லாரும் குளிக்கிறோம். முன்னால் வழியில் 8, 9 என்று எண்ணிக்கிட்டு வந்தவ, இப்போ 2, 3 தான் எண்ணுறா.

இந்த ஆண்டு விழாவில் நான் கேட்டுக்கொள்வது நான்கு. ஒவ்வொரு குழுவும் தன் ஊர் அங்கன்வாடிப் பாதையைத் தன் பொறுப்பில் எடுக்கணும். வீட்டு நாய்க்கும் குட்டிக்கும் கால்நடை மருந்தகத்தில் புழு மருந்தும் தடுப்பூசியும் போடணும். சீசனில் குற்றாலத்தில் கடை போடுற அக்காமார் மிச்சச் சாப்பாட்டைக் கண்ட இடத்தில் கொட்டாமல் மூடிய வாளியில் வைக்கணும், சாப்பாடு கிடக்கிற இடத்தில்தான் நாய் கூடும். தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டு விதி சொல்லுது. நாய்க்குச் சோறு வைக்கிற இடம் பிள்ளைகள் விளையாடும் இடத்தை விட்டுத் தள்ளி இருக்கணும் என்றும் அதில் இருக்கு. அடுத்த கிராம சபையில் நாம எல்லாரும் எழுந்து நின்று இதைக் கேட்கணும்.

நாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குக் கக்கூஸும் இல்லை, கழுவி விட ஆளும் இல்லை. நமக்குக் கையும் மண்வெட்டியும் இருக்கு, குழுவும் இருக்கு. பிள்ளை காட்டுறதை நாம அள்ளிப் போடுவோம்.