நெருப்புக்குள்ளே ஒரு மகிழ்ச்சி

இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் நிலையை உத்தரிக்கிற ஸ்தலம் என்று கத்தோலிக்கர்கள் சொல்கிறோம். நவம்பர் மாதம் முழுக்க அந்த ஆன்மாக்களுக்காகச் செபிக்கிறோம். இறந்தவர் பெயரில் பூசை எழுத வருகிறவர்கள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்பார்கள்: "சாமி, எங்கம்மா இன்னும் எத்தனை நாள் அங்கே கிடக்கணும்? நெருப்பு ரொம்பச் சுடுமா?" அம்மா போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். பிள்ளை மனசு ஆறியிருக்காது.

அப்போதெல்லாம் நான் ஜெனோவா நகரத்துப் புனித கத்தரீனைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கும் அவரைப் பற்றியே பேசுகிறேன்.

1447-இல் இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவில், செல்வாக்குள்ள ஃபியெஸ்கி குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் கல்யாணம். கணவர் ஜூலியானோ சூதாடி. பத்து வருடம் மனம் வெந்து கிடந்தவரை, 1473-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்ட வேளையில் இறையன்பு ஆட்கொண்டது. பிறகு வாழ்க்கை முழுக்க பம்மத்தோனே ஆஸ்பத்திரிதான். ஏழை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். மனம் திருந்திய கணவரும் கூடவே உழைத்தார். பின்னாளில் ஆஸ்பத்திரிப் பொறுப்பே கத்தரீன் கைக்கு வந்தது. 1493-இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியபோதும் நோயாளிகளை விட்டு அகலவில்லை.

சாகிறவர்கள் பக்கத்திலேயே இருந்த அந்தப் பெண்மணி உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிச் சொன்னதைக் கேளுங்கள். ஆன்மாவின்மேல் பாவம் துருவாகப் படிந்திருக்கிறது. நெருப்பு அதைத் தின்னத் தின்ன, ஆன்மா கடவுளின் ஒளிக்குத் திறக்கிறது. திறக்கத் திறக்க மகிழ்ச்சி பெருகுகிறது. வலி உண்டு, கடுமையான வலி. ஆனாலும் விண்ணகத்துக்கு அடுத்தபடியான மகிழ்ச்சி அங்கேதான் என்கிறார். அந்த நெருப்பு எது தெரியுமா? கடவுளின் அன்பேதான்! தன் மாசைக் கண்ட ஆன்மா, யாரும் தள்ளாமல் தானாகவே அதற்குள் பாய்கிறதாம். இவையெல்லாம் அவர் மறைந்து 41 ஆண்டு கழித்து, 1551-இல் அச்சேறின. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பூமிக்கடியில் தேடாமல் உள்ளே எரியும் நெருப்பாகக் கண்டவர் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2011 ஜனவரியில் அவரைப் பற்றிப் பேசினார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மகன், "அப்ப எங்கம்மா கடவுள் கையிலதான் இருக்காங்களா சாமி?" என்றார். ஆமாம் ஐயா, அவர் கையில்தான்.

நேரம் நெருங்கிவிட்டது. இந்த நம்பிக்கையின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூதா மக்கபே போரில் மடிந்தவர்களுக்காகப் பலி செலுத்த ஏற்பாடு செய்ததை மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது. உத்தரிக்கிற ஸ்தலத் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி நடந்த காசு வியாபாரத்தை 1517-இல் லூத்தர் எதிர்த்தார். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாட்டை உறுதிசெய்தது, அதை வைத்துப் பணம் பறிப்பதைக் கண்டித்தது. சீர்திருத்தச் சபையார் இந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை. ஆர்த்தடாக்ஸ் சபையார் இறந்தவர்களுக்காகச் செபித்தாலும் இதை ஏற்பதில்லை.

இதைக் கேட்கிறவர்களில் ஆஸ்பத்திரி வேலை பார்ப்பவர்கள் இருந்தால், கத்தரீன் உங்கள் ஆள். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய அவருடைய சின்ன நூலைத் தேடிப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.